ஒன்பதாம் விதியின் நான்காம் உட்பிரிவு

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கோந்து அண்ணன் என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அவருக்கு எதிர் மேசையில் பதினொரு வருடம் தபால் எழுத்தராக உட்கார்ந்திருந்தவள் நான். அவரைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. தவிர, நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

மாடிப்படியை ஒட்டிய நீளமான அறை எங்களுடையது. அவசர ஊர்திகளுக்கு அனுமதி கொடுக்கும் பிரிவு. நோயாளியை ஏற்றும் வண்டியோ, தீயணைக்கும் வண்டியோ, இரத்தப் பைகளைக் கொண்டுபோகும் வண்டியோ, எதுவானாலும் கூரையில் சுழல் விளக்கும் சைரனும் வைத்துக்கொண்டு சாலையில் ஓட வேண்டுமென்றால் எங்களிடம் வந்து அனுமதித் தாள் வாங்க வேண்டும். தாள் இல்லாமல் சைரன் ஊதினால் குற்றம். இதென்ன கெடுபிடி என்று நானும் முதலில் நினைத்தவள்தான். ஆனால் ஆளாளுக்கு ஒரு சைரனை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் அப்புறம் எந்தச் சைரனுக்கும் யாரும் ஒதுங்க மாட்டார்கள். மாட்ட ஆசைப்படுகிறவர்களும் கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை ஒரு பெரிய கட்டடக் காண்டிராக்டர் தன் காருக்கு அனுமதி கேட்டு வந்தார். "எனக்கு எப்பவுமே அவசரந்தான்" என்றார். கோந்து அண்ணன் சிரிக்காமல், "வண்டிக்குள்ள ஸ்ட்ரெச்சர் எங்க போடுவீங்க சார்? அதுல எப்பவும் யாரு படுத்திருப்பாங்க?" என்று கேட்டார். வந்தவர் விண்ணப்பத்தைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அண்ணன் ஒல்லியானவர், உயரமானவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். மற்றப் பிரிவுகளில் மக்கள் கவுண்டர் முன்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். எங்கள் பிரிவில் மட்டும் இரண்டு நாற்காலிகள் உண்டு. அவர் தன் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து போட்டவை. வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுவார். "முதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க. அப்புறம் பேசலாம்." அந்த வார்த்தையைக் கேட்டதும் எப்பேர்ப்பட்ட கோபக்காரரும் பாதி இறங்கிவிடுவார். நான் அப்படியில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என்னிடம் ஒருவர் வந்து ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டால் நாலாவது தடவை எரிந்து விழுவேன். "உனக்கும் சேர்த்து நான் தண்ணி குடுக்கறேன் தங்கச்சி" என்று அவர் கேலி செய்வார்.

வண்டியைப் பரிசோதிப்பது ஆய்வாளர் வேலை. இவர் வேலையே இல்லை. ஆனாலும் கீழே முற்றத்துக்கு ஓடுவார். ஸ்ட்ரெச்சரில் தானே படுத்துக்கொண்டு, கதவைச் சாத்தச் சொல்லி, முற்றத்தை ஒரு சுற்று ஓட்டச் சொல்வார். படுத்துப் பார்த்தால்தான் தலை எங்கே இடிக்கிறது, கால் எங்கே தொங்குகிறது என்று தெரியுமாம். ஒரு நாள் பின்கதவு திறக்க முடியாமல் மாட்டிக்கொண்டு, கால் மணி நேரம் உள்ளேயே கிடந்தார். வெளியே வந்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "உள்பக்கம் கைப்பிடி இல்லன்னு எழுதிக்குங்க" என்பதுதான். அலுவலகமே வயிறு வலிக்கச் சிரித்தது. ஆனால் அந்த வண்டிக்கு உள்பக்கம் கைப்பிடி வந்தது.

கோந்து என்ற பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் தொடங்கியது.

எங்களிடம் ஒரு விதிப் புத்தகம் உண்டு. விதி மாறினால் புதுப் புத்தகம் வராது. தலைமை அலுவலகத்திலிருந்து திருத்தச் சீட்டுகள் வரும். இன்ன பக்கத்தில் இன்ன விதியின் இன்ன உட்பிரிவுக்குப் பதிலாக இது என்று அச்சடித்த துண்டுக் காகிதங்கள். அவற்றைப் பழைய வரிகளின் மேல் ஒட்ட வேண்டும். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. இடது ஓரத்தில் மட்டும் கோந்து தடவ வேண்டும். அப்போதுதான் தேவைப்பட்டால் சீட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் பழைய வாசகத்தைப் படிக்கலாம். மற்றப் பிரிவுகளின் புத்தகங்களில் இந்தச் சீட்டுகள் பக்கத்துக்குப் பக்கம் நீட்டிக்கொண்டு, மின்விசிறி போட்டால் படபடவென்று அடித்துக்கொள்ளும். பாதி கிழிந்திருக்கும், மீதி காணாமல் போயிருக்கும்.

அண்ணன் இந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த மூன்றாவது வாரம், நாற்பது சீட்டுகள் கொண்ட ஒரு கட்டு வந்தது. அவருக்கு முன்னால் இருந்தவர் உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டுப் போயிருந்தார். சொல்லிக் கொடுக்க ஆளில்லை. அண்ணன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒட்டினார். இடது ஓரத்தில் மட்டுமல்ல, நான்கு ஓரமும் கோந்து தடவி, ஸ்கேலால் நீவி, சுருக்கமே இல்லாமல் ஒட்டினார். "காது மாதிரி ஆடிக்கிட்டிருந்தா பாக்கவே சகிக்கல தங்கச்சி" என்றார். முடித்ததும் புத்தகத்தை எனக்குக் காட்டினார். அச்சிலேயே அப்படி வந்தது போல இருந்தது. எல்லோரும் வந்து பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். அன்றைக்கு வந்த பெயர்தான் கோந்து அண்ணன்.

அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கவுண்டர் சுவரில் மாட்டியிருக்கும் விதிப் பலகைக்கான வாசகத்தை நான் தட்டச்சு செய்தேன். அதிகாரிகள் இரண்டு வருடத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும், "அண்ணனைக் கேளுங்க" என்பதுதான் பதில். அவருக்கு மொத்தப் புத்தகமும் மனப்பாடம்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல் உடைக்கும் ஆலையில் எடைமேடையைப் பார்த்துக்கொள்கிறவர். லாரிகளை நிறுத்தி எடை போட்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை. அந்தக் குடியிருப்புக்கு இருந்த ஒரே நோயாளி வண்டி பள்ளத்தில் உருண்டு நொறுங்கிவிட்டது. எல்லோரும் சேர்ந்து ஒரு பழைய வேனைப் பிடித்து, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஸ்ட்ரெச்சர் போட்டு, விளக்கும் சைரனும் வாங்கித் தயாராக வைத்திருந்தார்கள். விண்ணப்பமும் மருத்துவரின் சான்றும் ஓட்டுநரின் முதலுதவிச் சான்றும் ஒரு தாள் குறையாமல் கொண்டுவந்திருந்தார்.

"பரிசோதனை, குழுக் கூட்டம் எல்லாம் முடியறதுக்கு எத்தனை நாள் சார் ஆகும்?" என்று கேட்டார்.

"குழு மாசத்துக்கு ஒரு தடவதான் கூடுதும்மா. இந்த மாசம் முடிஞ்சுபோச்சு. அடுத்ததுக்கு இன்னும் இருபத்தேழு நாள் இருக்கு."

"அதுவரைக்கும் ஒரு தற்காலிகத் தாள் மாதிரி ஏதாவது குடுக்க முடியுமா சார்? பாலத்துல ஒத்த வழி. லாரி வரிசையில மாட்டிக்கிட்டா மணிக்கணக்கா ஆகும். விளக்கு எரிஞ்சா மட்டுந்தான் பாலத்துக் கேட்டுக்காரன் வழி விடுவான்."

அண்ணன் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்குத்தான் மனப்பாடமாயிற்றே. "ஒன்பதாம் விதிம்மா. மூணே உட்பிரிவு. விண்ணப்பம், பரிசோதனை, குழு. இடையில குடுக்கறதுக்கு விதியில இடமே இல்ல. இருந்தா இந்த நிமிஷமே குடுத்திருப்பேன்." அவருடைய குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. இன்னொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். ஆய்வாளர் அறைக்குத் தானே போய், நான்கே நாளில் பரிசோதனைக்குத் தேதி வாங்கித் தந்தார். அந்தப் பெண் கைகூப்பிவிட்டுப் போனார்.

பத்தொன்பதாவது நாள் காலை பத்து மணிக்கு அந்தப் பெண்ணின் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. வேனில் ஏற்றினார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் முப்பது முப்பத்தைந்து லாரிகள் வரிசையில் நின்றன. விளக்கும் சைரனும் அனுமதி இல்லாததால் உறையோடு வீட்டில் இருந்தன. ஆள் உயிருக்குப் போராடுகிறார் என்று தெரிந்தால் யாரும் வழி விடாமல் இருக்க மாட்டார்கள். தெரிந்தால்தானே? முன்னால் நின்ற லாரிக்காரர்களுக்கு அது பின்னால் நிற்கிற இன்னொரு பழைய வேன். அந்தப் பெண் இறங்கி, வரிசையின் நீளத்துக்கும் ஓடி, கேட்டுக்காரரைப் பிடித்து, லாரிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கச் செய்வதற்குள் நாற்பது நிமிடம் போயிற்று. மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சரை இறக்கிய மருத்துவர் நாடியைப் பார்த்துவிட்டுக் கையை விட்டுவிட்டார்.

அனுமதி வந்ததும் தாளை வாங்கிக்கொள்ள அந்தப் பெண்தான் வந்தார். அண்ணனுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பெண் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இனிமே மத்தவங்களுக்காவது ஆகும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அண்ணன் அன்று மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. "விதி அப்படி இருக்கு தங்கச்சி. நம்ம கையில என்ன இருக்கு?" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். நானும் ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு ஏழு வருடமும் அவர் அதைச் சொல்லித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

இந்த வருடம், அவர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது, ஒரு விடுமுறையில் மேலே போகும் தண்ணீர்க் குழாய் விரிசல் விட்டது. திங்கட்கிழமை காலை நாங்கள் போய்ப் பார்த்தபோது அலமாரியின் மேல் தட்டு முழுக்க நனைந்திருந்தது. விதிப் புத்தகம் ஊறிப் புடைத்திருந்தது. ஜன்னல் ஓரத்தில் வெயிலில் வைத்து, இருவரும் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். நாற்பத்தோராம் பக்கத்துச் சீட்டின் கோந்து இளகி, சீட்டு முழுசாகக் கழன்று என் கையோடு வந்துவிட்டது.

அடியில் இரண்டு உட்பிரிவுகள் இருந்தன.

மூன்றாவது, பழைய வாசகம்: குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். அதற்குப் பதிலாகத்தான் சீட்டு வந்திருந்தது. அதன் கீழே பக்கத்தின் கடைசியில் நான்காவது இருந்தது. சீட்டில் புது வாசகம் நீளமாக இருந்ததால் அது இரண்டின் மேலும் உட்கார்ந்துவிட்டது. அடுத்த பக்கம் பத்தாம் விதியில் தொடங்கியதால் எண் விட்டுப்போனதும் தெரியவில்லை. அண்ணன் குனிந்து படித்தார். நானும் அவர் தோளுக்கு மேலாகப் படித்தேன். ஒரு குடியிருப்பில் ஓடும் நிலையில் அனுமதி பெற்ற ஊர்தி எதுவும் இல்லாதபோது, பிரிவு அதிகாரி, விண்ணப்பதாரர் வந்த அன்றே, வெள்ளைத் தாளில், முப்பது நாளுக்குத் தற்காலிக அனுமதி எழுதித் தரலாம்.

இடது ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தால், சீட்டைத் தூக்கிப் பார்த்த எவருக்கும் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அண்ணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. இப்போது நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

"அண்ணே, இன்னும் ரெண்டே மாசம். அப்படியே மறுபடி ஒட்டிடலாம். இல்லன்னா, தலைமை அலுவலகத்துலேர்ந்து இப்பத்தான் புதுசா ஒரு சீட்டு வந்துதுன்னு சொல்லி நாலாவதச் சேத்துடலாம். இனிமே வர்றவங்களுக்கும் கெடைக்கும், உங்க பேரும் கெடாது. ஓய்வூதியத்துல கைவச்சுட்டா அப்புறம் எங்க போயி நிப்பீங்க?"

அவர் நான் பேசியதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. "அந்த எடைமேடை அம்மா எந்தத் தேதில வந்தாங்க?" என்று கேட்டார். அப்புறம், தானே தேதியைச் சொன்னார்.

வீட்டில் அண்ணியிடம் அன்றே சொல்லிவிட்டார். அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு தப்பைப் பார்த்தால் சும்மா இருக்கத் தெரியாதவர். "ஊரு விதியெல்லாம் மனப்பாடம். ஒட்டறதுக்கு முன்னாடி அடியில என்ன இருக்குன்னு ஒரு தடவ படிக்கத் தெரியல" என்று கத்தினாராம். அடுத்த நாள் முழுக்கப் பேசவில்லையாம். அதற்கடுத்த நாள் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "சொல்லத்தான் போறீங்கன்னு எனக்குத் தெரியும். ஆபீசுல மட்டும் சொல்லிட்டு நிறுத்திடாதீங்க. அந்தப் பொண்ணுகிட்டயும் போயிச் சொல்லணும். அதுதான் கஷ்டம். அதுக்கு இப்பவே மனசத் தயார் பண்ணிக்குங்க" என்றாராம். இதை அண்ணி பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அண்ணி அப்படிச் சொன்ன அன்றைக்கே ஒரு சோதனையும் வந்தது. மலையடிவாரத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு முடிதிருத்தும் கடைக்காரர் வந்தார். அவர்களுடைய நோயாளி வண்டிமேல் மரம் விழுந்துவிட்டதாம். ஒரு ஜீப்பைத் தயார் செய்திருக்கிறார்களாம். அண்ணன் வழக்கம் போலத் தண்ணீரை நீட்டினார். அவர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்து, "பரிசோதனை முடியற வரைக்கும் ஏதாவது ஒரு துண்டுக் காகிதம் குடுத்தீங்கன்னாகூடப் போதும் சார்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குத் தெரியும், அந்தத் துண்டுக் காகிதத்தைக் கொடுக்க வேண்டுமென்றால் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் எந்த விதிப்படி என்று கேட்பார். கேட்டால் பதினொரு வருடமும் வெளியே வரும். கொடுக்கவில்லையென்றால் ஒன்றும் வெளியே வராது. இல்லை என்று சொல்வதற்கு நாக்கை அசைத்தால் போதும்.

"அஞ்சு நிமிஷம் உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டு, அண்ணன் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதிகாரி அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. விழுந்துவிடுவாரோ என்ற பயமாக இருக்கலாம்.

அதிகாரி சின்ன வயதுப் பெண். வந்து ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. அண்ணன் புத்தகத்தை அவர் முன்னால் விரித்து, பக்கத்தைக் காட்டினார். அவர் இரண்டு தடவை படித்தார். கழன்ற சீட்டை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார்.

"யாரு ஒட்டினது?"

"நான்தான் மேடம்."

"தெரிஞ்சேவா?"

"இல்ல மேடம். பாக்க அழகா இருக்கணும்னு ஒட்டினேன்."

நான் குறுக்கே விழுந்து, "பலகைக்குத் தட்டச்சு பண்ணினது நான்தான் மேடம். நானும் ஒருதடவ சரிபாத்திருக்கணும்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"வெளிய உக்காந்திருக்கறவருக்கு முதல்ல எழுதிக் கொண்டுவாங்க. மத்தத அப்புறம் பேசலாம்" என்றார்.

அண்ணன் வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கையால் எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணியது. அதிகாரி கையெழுத்திட்டார். நான் எண் போட்டு முத்திரை குத்தினேன். கடைக்காரர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, நம்ப முடியாமல் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு இறங்கினார். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டாம்.

மாலையில் அண்ணனிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியவளும் தபால் எழுத்தரான நான்தான். அவர் வாங்கிப் படித்துவிட்டு, பதிலை ஒரே பக்கத்தில் எழுதினார். சுற்றிவளைக்கவில்லை, எதையும் பூசி மெழுகவில்லை. விசாரணை முடியும்வரை ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படலாம் என்று அதிகாரி சொன்னபோது, "சரி மேடம்" என்றார். பிறகு பழைய பதிவேடுகளை இறக்கினார். பதினொரு வருடத்தில் இடைக்காலத் தாள் கேட்டு, இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பதினான்கு பேர். பதின்மூன்று பேருக்குக் கடிதம் எழுதினார். நடந்தது இது, தவறு என்னுடையது, நீங்கள் மேலே முறையிட விரும்பினால் இந்தக் கடிதத்தையே காட்டலாம் என்று எழுதினார். உறைகளுக்குத் தடவ அவர் கோந்துப் புட்டியை எடுத்தார். நான் வாங்கி ஒட்டினேன்.

பதினான்காவது ஆளைப் பார்க்கச் சனிக்கிழமை கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

பேருந்து பாலத்துக்கு முன்னால் லாரி வரிசையில் நின்றது. கால் மணி நேரம் அசையவில்லை. அண்ணன் எழுந்து, "நான் நடக்கறேன்" என்று இறங்கிவிட்டார். வெயில். லாரிகளின் புகையும் கல் தூசியும் மூச்சை அடைத்தன. வரிசையின் கடைசியிலிருந்து கேட்டுவரைக்கும் நடந்தோம். அவர் ஒவ்வொரு லாரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கேட்டை அடைந்ததும் நின்று திரும்பிப் பார்த்தார். "அந்தக் கரையில இதே மாதிரி இவ்வளவு தூரமும் ஓடியிருக்காங்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

பாலத்தைத் தாண்டினால் ஆலை. எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகரக் கூண்டு. உள்ளே அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். முடி நரைத்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, எழுந்து நின்று ஸ்டூலை நகர்த்தினார். "வாங்க சார். என்ன இவ்வளவு தூரம்?"

அண்ணன் உட்காரவில்லை. புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொண்டுபோயிருந்தார். அதை நீட்டினார். "அம்மா, நீங்க அன்னிக்குக் கேட்டீங்களே, தற்காலிகத் தாள். விதியில இடமே இல்லன்னு சொன்னேன். இருந்துது. நான் ஒட்டின சீட்டுக்கு அடியில இருந்துது. வந்த அன்னிக்கே உங்க கையில குடுத்திருக்கலாம்."

ஒரு லாரி எடைமேடையில் ஏறி ஹாரன் அடித்தது. அந்தப் பெண் "ஒரு நிமிஷம்" என்று திரும்பி, எடை எண் நிலைக்கும்வரை காத்திருந்து, சீட்டு எழுதி, ஜன்னல் வழியாக நீட்டினார். பிறகு நகலை எடுத்து மெதுவாகப் படித்தார். வந்த அன்றே என்ற வார்த்தைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டார். விரல் அங்கேயே நின்றது.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும், அண்ணனுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் திட்டவில்லை.

"அன்னிக்குக் கெளம்பும்போதே என் தம்பி சொன்னான் சார். இல்லன்னு சொன்னா விடாத, மேல தலைமை அலுவலகத்துக்குப் போயிக் கேளுன்னு. பஸ்ஸுக்குக்கூடத் தேதி பாத்து வச்சிருந்தேன். உங்களப் பாத்துட்டு வந்ததும் போகல."

"ஏம்மா?"

"நீங்க எரிஞ்சு விழுந்திருந்தா போயிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். நீங்க உக்கார வச்சீங்க. தண்ணி குடுத்தீங்க. இருந்தா இந்த நிமிஷமே குடுத்திருப்பேன்னீங்க. இவ்வளவு நல்ல மனுஷன் இல்லன்னு சொன்னா நெஜமாவே இருக்காதுன்னு நம்பிட்டேன் சார்."

அண்ணன் கூண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளாமலே அடுத்த லாரிக்கும் சீட்டு எழுதினார். எழுதி முடித்துவிட்டு, நகலை மடித்து மேசை இழுப்பறையில் வைத்து மூடினார்.

"என்னைக் கேட்டா ஒண்ணு சொல்வேன்" என்றார். "இனிமே யாராவது வந்தா, தண்ணி குடுக்கறதுக்கு முன்னாடி புத்தகத்தக் குடுங்க. அவங்களே படிச்சுக்கட்டும்."

திரும்பி வரும் வழியில், என் முன்கோபத்தை எத்தனை வருடமாக அவர் கேலி செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அதில் எனக்கு ஒரு திருப்தியும் வரவில்லை.

அவருக்கு இன்னும் ஏழு வாரம் வேலை மிச்சமிருந்தது. திங்கட்கிழமை காலையில் வந்ததும் நாற்பத்தோராம் பக்கத்துச் சீட்டை எடுத்து, இடது ஓரத்தில் மட்டும் கோந்து தடவி ஒட்டினார். மற்ற முப்பத்தொன்பதையும் ஈரத்துணி வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே மாதிரி மறுபடி ஒட்ட எட்டு நாளாயிற்று. புத்தகம் இப்போது மற்றப் பிரிவுகளின் புத்தகங்களைப் போலவே அசிங்கமாகப் படபடத்தது. அதை அலமாரியில் வைக்காமல், கவுண்டர் மேல், வருகிறவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். யார் வந்தாலும் நாற்காலியைக் காட்டி, ஒன்பதாம் விதியைத் திறந்து, சீட்டைத் தூக்கியும் படிக்கச் சொல்வார். சிலர் சலித்துக்கொள்வார்கள். "எங்களுக்கு என்ன சார் புரியும்? நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"இல்ல, நீங்க படிங்க" என்பார் அண்ணன். "புரியலன்னா கேளுங்க. நான் சொன்னேன்னு மட்டும் எடுத்துக்காதீங்க."

அவர் ஓய்வு பெற்றுப் போனபிறகு அந்த நாற்காலிக்கு என்னை மாற்றினார்கள். விசாரணை இன்னும் முடியவில்லை. ஓய்வூதியமும் வரவில்லை. புத்தகம் அதே இடத்தில், வருகிறவர்கள் பக்கம் திரும்பித்தான் இருக்கிறது. யார் வந்தாலும் முதலில் அதைத்தான் அவர்கள் பக்கம் நகர்த்துகிறேன். தண்ணீர் கொடுப்பது அவர்கள் படித்து முடித்தபிறகுதான்.